விருந்தினரே, வருக

"நீ தொறக்காதம்மா. அவளே தொறந்துட்டு வரட்டும்."

"புள்ள வேலைக்குப் போயிட்டு வந்து வெளிய நிக்குது, கிருபா. செத்த நகுரு, நான்—"

"நகர மாட்டேன். இத்தனை பணம் போட்டு—"

"பூட்டுக்காடா பொண்ணக் கட்டி வெச்சோம்—"

"—வாங்கி மாட்டியிருக்கறது எதுக்கு? நீ உள்ளருந்து தொறந்து உடறதுக்கா? பழகட்டும்மா. பழகுனாத்தான் வரும்."

கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடியில் விரல் படும் சின்னச் சத்தம். பிறகு பூட்டின் குரல், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி: "மீண்டும் முயலவும்."

லோகநாயகி கைப்பிடியைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு திருகு திருகினால் போதும். ஆனால் கைப்பிடிக்கும் அவளுக்கும் நடுவில் மகன் நின்றுகொண்டிருந்தான், காபி டம்ளரோடு, லேசாகச் சிரித்தபடி. கிருபாகரன் குரலை உயர்த்திப் பேசுகிறவன் அல்ல. பம்பு கம்பெனியில் அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்கூட, எங்க சார் ஒரு சுடுசொல் சொன்னதில்லை என்பார்கள்.

"கையத் தொடச்சுட்டு வையி, வாணி," என்றான் கதவிடம்.

"தொடச்சுட்டேனுங்க."

"ஊசி போடறப்ப தொடைக்கற ஸ்பிரிட்டு ஒட்டிட்டு இருக்கும். நல்லாத் தொடை."

"நல்லாத் தொடச்சுட்டேனுங்க."

"மீண்டும் முயலவும்."

"என்ன வாணி," எதிர்வீட்டு சுகந்தியின் குரல் நடையில் கேட்டது, "இன்னிக்கும் உங்கூட்டுக் காவக்காரன் உள்ள உட மாட்டேங்கறானா?"

அந்தக் குரல் கேட்டதும் கிருபாகரன் தானே கதவைத் திறந்துவிட்டான். "வாங்கக்கா. புதுப் பூட்டில்லீங்களா, இவளுக்கு இன்னும் கை பழகல," என்று சுகந்தியைப் பார்த்துச் சிரித்தான். கோகிலவாணி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றி, ஒன்றை ஒன்று தொடும்படி நேராக வைத்தாள். வைத்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

"எத்தனை தடவ வெச்ச?"

"நாலஞ்சு தடவைங்க."

"நாலா, அஞ்சா?"

வாணி தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"கேட்டனே வாணி. நாலா, அஞ்சா?"

லோகநாயகி சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். ஜாடியில் அரைப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை, மதியம் மிஞ்சிய தேங்காய்ச் சில் ரெண்டுதான். அது மாவாகி, பாலாகி, ஜாடியின் சுவரெல்லாம் ஒட்டும்வரை அணைக்கவில்லை.

•

பூட்டு வந்த கதை வடவள்ளியில் எல்லோருக்கும் தெரியும். ரெண்டு தெரு தள்ளி ஒரு வயதான தம்பதி. வாசலில் வழிமறித்த திருடர்கள், அந்தப் பெரியவரின் விரலைப் பிடித்து அவருடைய வீட்டுப் பூட்டிலேயே அழுத்தித் திறந்துகொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு புது மாதிரிப் பூட்டு. கிருபாகரன்தான் இந்தக் கட்டடத்தில் முதலில் வாங்கினான்.

மாட்டிய அன்று, பார்க்க வந்தவர்களுக்கு அவனே விளக்கம் சொன்னான்.

"மத்த பூட்டெல்லாம் ரேகைய மட்டும் பாக்குமுங்க. கழுத்துல கத்திய வெச்சு விரலப் புடிச்சு அமுக்குனாலும் தொறந்துக்கும். இது விரலுக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்கும், வேர்க்குதான்னு பாக்கும். பயந்த விரலுக்குத் தொறக்கவே தொறக்காது."

"அதெப்பிடி மாப்ள அதுக்குத் தெரியும்? எனக்கு எப்பவுமே உள்ளங்கை வேர்க்குமே," என்றார் சுகந்தியின் வீட்டுக்காரர்.

"அதுக்குத்தானுங்க மொத பத்து நாளு. நாம சாதாரணமா எப்பிடி இருக்கறோம்னு அது நம்மளப் படிச்சு வெச்சுக்கும். பொறவு அதுல வித்தியாசம் தெரிஞ்சா உடாது. வீட்டுல பொம்பளைங்க தனியா இருக்கறாங்க, அவங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேணுமில்லீங்களா?"

வீடு லோகநாயகியின் பேரில் இருந்ததால் அவள் விரல்தான் முதல் விரல். மற்றவர்களைச் சேர்க்கவும் நீக்கவும் அந்த விரல் வேண்டும். அவள் பூட்டுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். மாட்ட வந்த ஆள், கண்ணாடியில படாமப் பாத்துக்குங்கம்மா என்று பதறினான். அடுத்த நாள் விடிந்ததும் கிருபாகரன் கம்பெனி வேலையாகப் பத்து நாள் அகமதாபாத் போய்விட்டான். அவன் வரும்வரை மாமியாரும் மருமகளும் விரல் வைப்பதும் பச்சை எரிவதுமாக, கதவு அதன்பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவன் வந்த பிறகும் லோகநாயகிக்குத் தொல்லை இல்லை. கோவில், காய்கறிக் கடை என்று அவள் வெளியே போய் வருவதெல்லாம் மகன் வேலையில் இருக்கும் நேரம். எப்போதும் பச்சைதான். வாணிக்குத்தான், அதுவும் சாயங்காலம் மட்டும்தான், இந்தத் தகராறு.

இதில் வேடிக்கை என்னவென்றால் வாணியின் கை நடுங்கவே நடுங்காத கை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து ஊருக்கே ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். நரம்பே தெரியாத கிழவிகள்கூட, அந்தப் புள்ள வரட்டும் என்று அவளுக்காகக் காத்திருப்பார்களாம்.

•

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டுக் கம்பெனி ஆள் வந்து நின்றான். அன்று மாட்டிக்கொடுத்த அதே டேனியல். சென்னைக்காரன், வாய் ஓயாது.

"வணக்கம் சார். வீட்ல எல்லாரும் சேஃப்தானே சார்?"

"நான் யாரையும் வரச் சொல்லலீங்களே," என்றான் கிருபாகரன்.

"நீங்க சொல்லல சார். பூட்டு சொல்லிச்சு. தெனம் சாயங்காலம் ஆனா உங்க கதவுலேர்ந்து எங்க ஆபீஸுக்கு அபாயத் தகவல் வருது சார். மொதல்ல மெஷின் கோளாறுன்னு விட்டுட்டோம். இப்ப மேனேஜர் கேக்கறாரு, ஏம்பா டேனியல், அந்த வீட்ல திருடனுக்கு மாசச் சம்பளமா, டைமுக்கு வந்துட்டுப் போறான்ங்கறாரு."

அவன் மட்டும் சிரித்தான். சத்தம் கேட்டு சுகந்தி அவள் வீட்டு வாசலுக்கு வந்தாள், கையில் முருங்கைக்கீரையோடு.

"அபாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ லேப்ல வேல பாக்கறா. கையில ஸ்பிரிட்டு. ரேகை புடிக்க மாட்டேங்குது."

"ரேகை புடிக்கலைன்னா செவப்பு எரியும் சார். என்னா கலர் எரியுது?"

வாணி தரையைப் பார்த்தாள்.

"ஆரஞ்சுங்க," என்றாள் சுகந்தி, கீரையை உருவிக்கொண்டே. "நானே எத்தனையோ வாட்டி பாத்திருக்கறேன்."

"ஆரஞ்சா?" டேனியல் தன் கையிலிருந்த கருவியைப் பூட்டோடு சேர்த்துப் பிடித்தான். "செவப்புன்னா வேற ஆளு. ஆரஞ்சுன்னா நம்ம ஆளுதான், ஆனா பயந்து நிக்கறாங்கன்னு அர்த்தம். கையேட்ல போட்டிருக்கே சார்... ஆமா, பாருங்க. ரேகைய ஒவ்வொரு வாட்டியும் கரெக்டாப் படிச்சிருக்கு. மேடம், நீங்க வர்றப்போ பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லீங்க."

"லிஃப்ட்ல? கீழ பார்க்கிங்ல? பயப்படாம சொல்லுங்க மேடம்."

"யாருமில்லீங்க. நான் தனியாத்தான் வருவேன்."

"தனியா வந்து, சொந்த வீட்டுக் கதவுல விரல வைக்கறீங்க. அதுல என்னா மேடம் பயம்?"

சுகந்தி கீரை உருவுவதை நிறுத்திவிட்டாள். டேனியல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பேசிப் பேசியே பிழைக்கிறவன், பேசிய இடம் தப்பு என்று புரிந்து, ஏதாவது ஒன்று கேட்டுச் சமாளிக்க நினைத்தான்.

"எப்பலேர்ந்து மேடம் இப்டி?"

அவனே கருவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான்: "ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்திருக்கு. மொத பத்து நாளும் பச்சை, பச்சை, பச்சை... அப்பறந்தான்..." நிறுத்திவிட்டுக் கருவியைப் பையில் போட்டான்.

சுகந்தியின் கண் லோகநாயகியின் மேல் வந்து நின்றது. வேறு யார்மேல் நிற்கும்? மருமகள் வீட்டுக்கு வரப் பயப்படுகிறாள் என்றால் உலகம் மாமியாரைத்தானே திரும்பிப் பார்க்கும். லோகநாயகிக்குக் காதுமடல் சுட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உள்ள வாங்க தம்பி, காபி குடிச்சுட்டுப் போலாம்," என்றாள் டேனியலிடம். தன் குரலே தனக்கு நடிப்பாகக் கேட்டது.

"இல்லம்மா, இன்னும் நாலு வீடு போணும்." அவன் படியிறங்கும் முன் கிருபாகரனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "சார், ஒரு வழி இருக்கு. விருந்தாளிங்களுக்குன்னு தனி இடம் இருக்கு, பூட்டுக்குள்ள. பால்காரர், வேலை செய்யற அம்மா, இவங்களையெல்லாம் அதுல போடுவோம். அவங்க பயந்தா பூட்டுக்கு என்னா? அது பாக்காது. ரேகை இருந்தாத் தொறந்துரும். எங்களுக்கும் தகவல் வராது. உங்க அம்மா விரல் வெச்சாப் போதும்."

"அப்பிடிங்களா," என்றான் கிருபாகரன். "ரொம்ப நன்றிங்க."

•

அன்று மதியம் அவன் தூங்கும்போது, லோகநாயகி அடுப்படியில் வைத்து மருமகளைப் பிடித்தாள்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்கத்தை."

"என்னையக் கண்டா உனக்குப் பயமா? என்ர வாயி கொஞ்சம் நீளம். சாம்பார்ல உப்பு தூக்கலாயிருந்தா சட்டுனு சொல்லிப்போடுவேன். அன்னிக்குக்கூட உங்கம்மா செஞ்சனுப்புன முறுக்க..."

"உங்களையா?" வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டு வந்த பிறகு அவள் சிரித்து லோகநாயகி பார்த்தது அதுதான். "உங்களைக் கண்டு எனக்கென்னங்க பயம்? இல்லீங்கத்தை."

"நெசமா?"

"நெசமாத்தானுங்க."

லோகநாயகிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா, நான் இல்லை. சுகந்தியின் மூஞ்சியில் அடித்தாற்போல ஒரு நாள் சொல்லிவிடலாம். அப்பாடா.

வாணி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி. சிரிப்பு போய்விட்டது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அத்தை அடுத்ததைக் கேட்பாள் என்று காத்திருக்கிறாள். அது லோகநாயகிக்குத் தெரிந்தது. என்னைக் கண்டு இல்லையென்றால் வேறு யாரைக் கண்டு என்பது கேட்கக்கூடக் கஷ்டமில்லாத கேள்வி. இந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். அந்தப் பத்து நாளும் இங்கே இருந்தவர்கள் யார், இல்லாதவர் யார்?

"புளி ஊற வெச்சிருக்கறயா?" என்றாள் லோகநாயகி.

வாணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வெச்சிருக்கேனுங்க."

சற்று முன் வந்த அந்த 'அப்பாடா' இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது. லோகநாயகி தண்ணீர் குடித்தாள். போகவில்லை.

•

மறுநாள் சுகந்தியின் வீட்டுப் பூட்டில் ஒரு துணி உறை தொங்கியது. ஜரிகை வைத்துத் தைத்த சின்ன உறை, விளக்கு எரியும் இடத்தை மூடினாற்போல.

"என்ன சுகந்தி இது?"

"திருஷ்டிக்குங்க்கா. பூட்டுக்கும் கண்ணு படுமில்லீங்களா?" சுகந்தி லோகநாயகியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அந்த வாரத்துக்குள் மாடிக்கு மாடி, கதவுக்குக் கதவு உறை. பூ வேலை செய்தது, பிள்ளையார் படம் போட்டது, பழைய பட்டுப்புடவைக் கிழிசலில் தைத்தது. டேனியல் வந்து போன சேதி லிஃப்டிலேயே ஏறி எல்லா மாடிக்கும் போயிருந்தது. அவரவர் விளக்கு என்ன நிறம் என்று அவரவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருந்தது. லோகநாயகியும் ஒன்று தைத்து மாட்டினாள். ஆனால் உறை குரலை மூடவில்லை.

"வைம்மா விரலை," என்றான் கிருபாகரன் அன்று சாயங்காலம்.

"வீட்டுக்கு வந்த மருமகளப் பால்காரனோட சேத்தி விருந்தாளி, ஒரம்பரைன்னு ஆக்கச் சொல்றயா?"

"பேருதானம்மா அது. உள்ள வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"பேருதான்னா உன்ர பேரப் போடு அதுல."

எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கிருபாகரன் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தான். சத்தம் வராமல், ரொம்ப மெதுவாக வைத்தான்.

"சரிம்மா. உனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்."

அவ்வளவுதான். கோபம் இல்லை. ராத்திரி, பசிக்கலம்மா என்றான். காலையில் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து டிவியைப் போட்டு, ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால், சொல்லும்மா என்று மரியாதையாகத் திரும்பினான். சொல்ல வந்ததுதான் மறந்துபோயிற்று. வீட்டில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தால் ரெண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பார்க்கவே இல்லை. லோகநாயகியின் புருஷன் இருந்த காலத்தில் வீட்டில் சத்தம் அதிகம், தட்டுப் பறக்கும், அது முடிந்தும் போய்விடும். இது முடியவில்லை.

மூன்றாம் நாள் வாணியே வந்து நின்றாள்.

"வெச்சுருங்கத்தை."

"உனக்கு..."

"பரவால்லீங்க. அவரு சாப்பிடட்டும்."

லோகநாயகி கதவைத் திறந்து, உறையைத் தூக்கி, விரலை வைத்தாள். கிருபாகரன் பின்னால் நின்று எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான், பொறுமையாக. "கோகிலவாணி, விருந்தினராகச் சேர்க்கப்பட்டார்," என்றது பூட்டு.

"அவ்வளவுதான்," என்றான் கிருபாகரன். "இதுக்குப் போயி." அன்று தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சட்னி நல்லாருக்கு வாணி என்றுகூடச் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் கதவு முதல் தொடுகையிலேயே திறந்தது. திறக்கும்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னது. விருந்தினருக்கென்று கம்பெனி பதிந்து வைத்திருந்த குரல், கணீரென்று:

"விருந்தினரே, வருக!"

"யாருங்க வாணி, ஒரம்பரையா?" நடையிலிருந்து சுகந்தி.

"நான்தானுங்க்கா," என்றாள் வாணி.

அடுப்படியில் இருந்த லோகநாயகிக்கு உடம்பு கூசியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே சொம்பில் தண்ணீர் மொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். வந்த பிறகுதான் கையில் சொம்பு இருப்பதைக் கண்டாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துப் பழகிய கை, அந்தக் குரலைக் கேட்டதும் தானாகப் போய்விட்டது.

வாணி சொம்பைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். வாங்கி, அண்ணாந்து, பாதியைக் குடித்தாள்.

"ஒரம்பரைன்னாத் தண்ணி குடுக்கோணுமில்ல," என்று திருப்பிக் கொடுத்தாள்.

கிருபாகரன் வாய்விட்டுச் சிரித்தான். மாமியாரும் மருமகளும் தமாஷ் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

•

வாணியின் அம்மா ருக்குமணிக்கு அவிநாசியில் கண்ணில் புரை எடுத்தார்கள். வாணி போக வேண்டும் என்றாள்.

"இப்பத்தான போயிட்டு வந்த," என்றான் கிருபாகரன்.

"அது ஆடி நோம்பிக்குங்க."

"போன்ல பேசு. கண்ணுலதான ஆபரேசன், காதுல இல்லையே." பிறகு அம்மாவிடம் திரும்பி, "நீயும் போக வேண்டாம்மா. நீ போனா இவளுக்கும் ஆச வரும்."

"சரி சாமி," என்றாள் லோகநாயகி.

சரி என்று சொன்னவள்தான், அவன் வேலைக்குப் போன ஒரு நாள், வாணியிடமும் சொல்லாமல், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஏன் போகிறாள் என்று தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தொண்டையில் நின்ற முள்ளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

ருக்குமணி கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "யாருங்? சம்பந்தியா? அட, நீங்க எதுக்குங்க இத்தனை தூரம்?" கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள எப்பிடி இருக்கறா?"

"நல்லாருக்கறாங்க."

"எப்ப போன் பண்ணுனாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்றா. அதையேதான் சொல்றா. எனக்கு என்னவோ... ஆனா நீங்க கூட இருக்கறீங்க. அந்தத் தைரியந்தானுங்க எனக்கு."

லோகநாயகி சாத்துக்குடி உரித்தாள். சுளையின் வெள்ளைத்தோலைக்கூட விடாமல் எடுத்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் கட்டியும் மறு கண் புரையோடியும் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டாள், பார்க்க யாரும் இல்லாவிட்டாலும்.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கட்டடத்து வாசலில் நுழைந்ததும் அவள் கால் நின்றது.

கிருபாகரனின் கார்.

அவன் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள், பஸ் தாமதப்படுத்திவிட்டது. பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் பூந்தொட்டிக்குள் போட்டாள். கோவிலுக்குப் போனேன் என்று சொல்லிவிடலாம். எந்தக் கோவில் என்பான். பேரூர். பேரூர்ல கூட்டமாம்மா? இல்ல. இன்னிக்குப் பிரதோஷமாச்சே, கூட்டமில்லையா? இருந்தது. இருந்துதா, இல்லையாம்மா? கேட்டனே. இருந்துதா, இல்லையா?

அவ்வளவுதான் செய்வான். அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டான். என் வயிற்றில் பிறந்தவன், இந்தக் கையால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை. என்ன செய்துவிடப் போகிறான்? லிஃப்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்த நெற்றியில் கோவில் விபூதி இல்லை.

கதவின் முன் நின்று உறையைத் தூக்கி விரலை வைத்தாள்.

"மீண்டும் முயலவும்."

வயசான தோல், சாத்துக்குடிச் சாறு வேறு. புடவையில் அழுத்தித் துடைத்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வைத்தாள்.

"மீண்டும் முயலவும்."

விரலடியில் விளக்கு எரிந்தது. இத்தனை நாள் சுகந்தியும் வாணியும் பார்த்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள். ஆரஞ்சு. சட்டென்று உறையை இழுத்து மூடினாள். மெல்லிய துணி. அதற்குள்ளிருந்தும் தெரிந்தது. டேனியலின் ஆபீஸில் எங்கோ ஒரு திரையில் இந்த வீட்டின் பேர் மறுபடி வந்திருக்கும். வீட்டுக்காரியின் பேர். முதல் விரல்.

லிஃப்ட் திறந்தது. கோகிலவாணி, தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. நாலடி வந்தவள் நின்றுவிட்டாள். உறையைப் பிடித்திருந்த அத்தையின் கையையும், துணிக்குள் மினுங்கிய வெளிச்சத்தையும் பார்த்தாள். லோகநாயகி எதையாவது சொல்ல வாயைத் திறந்தாள். சாவி மறந்துட்டேன் என்று வந்தது வாயில். அந்த வீட்டுக்குச் சாவி கிடையாது.

உள்ளே டிவியின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

"யாரு வெளிய?" கிருபாகரனின் குரல், சாந்தமாக.

வாணியின் விரல் பட்டால் கதவு திறந்துவிடும், வருக என்று கூப்பிட்டுத் திறந்துவிடும். அவள் விரலைப் பூட்டுக்குக் கொண்டுபோகவில்லை. டப்பாவைத் தரையில் வைத்தாள். அத்தையின் கையை உறையிலிருந்து எடுத்து, ரத்தம் எடுக்க வருகிறவர்களின் கையைப் பிடிப்பதுபோல மணிக்கட்டில் பிடித்தாள். அவள் விரல் நடுங்கவில்லை. அதன் கீழே படபடவென்று அடித்துக்கொண்டிருந்த நாடியை அது கொஞ்ச நேரம் கேட்டது.

"உங்களுக்கு எப்பருந்துங்கத்தை?"